இமயத்தின் பின்முகம்

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே பிரியும் ஒரு மண் சாலையின் முடிவில் இருந்த கிரானைட் ஆலையில் நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன் நாளிதழ் ஒன்றில் செய்தி மேசையில் இருந்தேன். பதிப்பைச் சுருக்கியபோது என்னையும் சுருக்கினார்கள். ஆலையில் என் வேலை கற்களைப் பற்றி எழுதுவது. வெளிநாட்டில் வாங்குபவர்களுக்கு ஒவ்வொரு கற்பலகைக்கும் நிறம், கோடு, புள்ளி, குறை என்று நான்கு வரி. வரைபடம் போடத் தெரியும் என்பதால் டிராயிங் வேலையும் என் மேசைக்கு வந்தது.

ஓசூரிலிருந்து காலை வேன். பனி மாதங்களில் சூளகிரி வரை ஜன்னலுக்கு வெளியே எதுவும் இருக்காது. வேனில் எல்லோரும் தூங்குவார்கள். நான் தூங்கியும் தூங்காமலும் இருப்பேன். மேலுமலையில் சாலை இறங்கும்போது காதுக்குள் மெல்ல ஒன்று அடைத்துத் திறக்கும். பீடபூமியின் விளிம்பைத் தாண்டிவிட்டோம் என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம். பனி மேலே நின்றுவிடும். கீழே வெயிலில் பாறைக் குன்றுகள், நேற்று இரவு யாரோ கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் நிற்கும். தக்காணம் முடியும் இடத்தைத் தினமும் இரண்டு முறை உடம்பால் கடந்தேன். அது ஒரு கண்டத்தின் வடிவத்தில் ஒரு மடிப்பு என்று அந்த வருடம்தான் எனக்கு உறைத்தது.

அந்த வருடம் நாங்கள் ஆசியாவைச் செய்தோம்.

பெங்களூருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் முன்கூடத்துக்குத் தரை. இருபத்து நான்கு அடி அகலம், இருபது அடி நீளம். அதில் ஆசியாவின் நிலத்தோற்றத்தைக் கல்லில் பதித்துக் கேட்டார்கள். நாடுகள் வேண்டாம், எல்லைக் கோடுகள் வேண்டாம், ஊர்ப் பெயர்கள் வேண்டாம். மலை, பீடபூமி, பாலைவனம், சமவெளி, ஆறு. இவ்வளவுதான். தண்ணீரைப் பீய்ச்சிக் கல்லை அறுக்கும் கணினி எந்திரம் எங்களிடம் இல்லை. முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டு வந்து, கையாலேயே செய்துவிடலாம் என்றார்.

கல்லைத் தேர்ந்தெடுக்க இரண்டு வாரம் ஆனது. கடலுக்குக் கறுப்பு. சைபீரியாவுக்குப் பச்சை ஓடிய சாம்பல். அரேபியாவுக்கு மணல் நிற மஞ்சள், கோபிக்குச் செங்காவி. தென்கிழக்குத் தீவுகளுக்குப் பாசி நிறத்தில் ஒரு கல், ராஜஸ்தானத்திலிருந்து வந்தது. பைக்கால் ஏரிக்கு மட்டும் எங்கோ கடல் கடந்து வந்த நீலக்கல்லில் ஒரு துண்டு, வாழைப்பூ இதழ் மாதிரி ஒடுங்கியது. ஆறுகளுக்குப் பித்தளைப் பட்டை. தக்காணத்துக்கு எங்கள் ஊர்க் கல்லே போதும்: ஊதாவும் சிவப்பும் அலையலையாக ஓடுவது.

இமயத்துக்கும் திபெத்துக்கும் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. ஒன்றே ஒன்று. அது வந்த உள்ளூர்ப் பாறையில் அந்த நரம்பு தீர்ந்துபோயிருந்தது. வெள்ளையில் சாம்பல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, விமானத்திலிருந்து பனிமலைகளைப் பார்ப்பதுபோல் இருக்கும். அதைப் பற்றி நான் எழுதிய நான்கு வரியை விற்பனைப் பட்டியலில் சேர்க்காமலே வைத்திருந்தேன். விற்க மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஒரு விஷயம் என்னை விடாமல் யோசிக்க வைத்தது. எங்கள் பக்கத்துப் பாறை பூமியிலேயே மூத்தவற்றில் ஒன்று. இமயம் நேற்று முளைத்தது. இமயம் இருந்த இடத்தில் கடல் இருந்த காலத்திலேயே இந்தக் கல் கிழடாகியிருந்தது. கிழவனை வைத்துக் குழந்தையின் சிலையைச் செய்துகொண்டிருந்தோம்.

வெட்டும் வேலையை ஒரு பெண் செய்தாள். ஆலைக்கு மூன்று கிலோமீட்டரில் அவள் ஊர். அவளுடைய அப்பா அம்மா கடைசி வரை அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். அவளும் பதினைந்து வயது வரை களை எடுத்தவள். பிறகு கல். பதினோரு வருடமாக எங்கள் ஆலையில் கான்ட்ராக்ட்டில் இருந்தாள். பெரிய எந்திரம் தொட முடியாத இடமெல்லாம் அவள் கைக்கு வரும்: கைப்பிடிச் சுவரின் வளைவு, தொட்டியின் ஓட்டை, தெய்வச் சிலையின் பீடம். வீட்டில் தெலுங்கு, லாரிக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். கல்லை அறுக்கும் கைக் கிரைண்டரைப் பிடித்திருக்கும்போது எந்த மொழியும் கிடையாது.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது. நாற்பது முடிந்தவர்களை ஆலை பர்மனென்ட் ஆக்குவதில்லை. அந்த வருடப் பட்டியலில் ஆறு பேர் என்று பேச்சு. பட்டியலைத் தயாரிப்பவர் சூப்பர்வைசர். அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கல் வீணானால் சிவப்பு அட்டை ஒன்று எழுத வேண்டும். என்ன கல், என்ன குறை, யார் கை என்று அவருடைய ஆள் எண். பட்டியலுக்கு முந்தைய ஆறு மாதத்தில் யாருடைய எண் சிவப்பு அட்டையில் ஏறியிருக்கிறதோ அவர் பெயர் பட்டியலில் வராது. அவள் எண் ஏறியிருக்கவில்லை. அவளுக்கு அதற்குப் பிறகு இன்னொரு வருடம் இல்லை. இது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். அவள் மட்டும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இருபது வருடம் இங்கே இருந்தும் பேச்சு அங்கேயே இருந்தது. நல்ல மனிதர்தான். அட்டையைக் கையில் எடுத்தால் மட்டும் வேறொருவர்.

நான் கண்டத்தை நாற்பத்தேழு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முழு அளவில் தகட்டில் அச்சு வெட்டிக் கொடுத்தேன். தகட்டில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று குழம்பக் கூடாதே என்று ஒரு பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். முதல் நாளே அவள் கேட்டாள்.

“சார், இந்தப் புள்ளி எப்பவும் என்னப் பாத்துக்கினே இருக்கணுமா?”

“எப்பவும்.”

அதை நான் தலையைத் தூக்காமல் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

ஐந்து வாரம் அப்படிப் போயிற்று. இப்போது நினைத்தால் அந்த ஐந்து வாரமும் ஒரே நீண்ட பிற்பகல் மாதிரி இருக்கிறது. பலகை அறுக்கும் பெரிய கத்திகள் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் பத்து நிமிடத்தில் காதில் படாமல் போய்விடும். அதற்குப் பிறகு தூரத்தில் கடல் இருப்பதுபோல. கல் அரைபட்ட பால் நிறத் தண்ணீர் வாய்க்காலில் சத்தமில்லாமல் போகும். தகரக் கூரையில் பதித்த கண்ணாடித் தகடுகள் வழியாக வெயில் சதுரம் சதுரமாகத் தரையில் விழும். அந்தச் சதுரங்களுக்குள் வெட்டி முடித்த துண்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். காலையில் வெயில் அரேபியாவில் இருக்கும். மத்தியானம் கோபிக்கு வரும். நான்கு மணிக்கு ஜப்பானைத் தாண்டிக் கறுப்புக் கடலில் இறங்கி மறையும். நிஜத்தில் வெயில் போகும் திசைக்கு நேர் எதிர். கூரை வழியாக விழும் வெளிச்சம் சூரியனுக்கு எதிர்த் திசையில்தான் நகரும். அது யாரையும் உறுத்தவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறுவோம். பாலிஷ் கெடாமல் இருக்க. அதனால் அந்த நிலங்களை எனக்குப் பாதத்தால் தெரியும். கறுப்புக் கடல் வெயிலில் சுடும். பச்சைச் சாம்பல் நிறச் சைபீரியா எந்த நேரமும் சில்லென்று இருக்கும். அந்தச் சமவெளியில் எட்டடி நடந்தாலும் ஒரு மேடு இல்லை. பித்தளை ஆறுகள் மூன்றும் அதைக் கிழித்துக்கொண்டு வடக்கே போய் உறைந்த கடலில் விழுகின்றன. அவள் குந்தி உட்கார்ந்து அந்த ஆறுகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இந்த மூணு மட்டும் ஏன் சார் மேல போவுது? நம்மூர்ல எல்லாம் சாய்வாத்தான போவும்?”

அதுவும் சாய்வுதான், அந்தப் பக்கம் நிலம் வடக்கே சரிகிறது என்றேன். வடக்கு முகத்துவாரத்தில் பனி உருகுவதற்கு முன்பே தெற்கில் உருகிவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் காட்டுக்குள் ஏறிப் பரவிவிடும். அவள் ஆற்றிலிருந்து விரலை எடுத்தாள். வாசலை அடைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மாதிரி என்றாள். பக்கம் பக்கமாகப் படித்தும் எனக்கு அவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

ஷெட்டில் கண்டம் சாதாரணப் பேச்சாகிவிட்டது. அரேபியாவுக்குத் தண்ணீர் காட்டு, கோபியில் யார் டிபன் பாக்ஸ் வைத்தது, பைக்காலைத் துணியில் சுற்றி வை. சூப்பர்வைசர் ஒரு நாள் தன் ஊர் எங்கே என்று கேட்டு வந்தார். காட்டினேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. ஊருக்கும் வேலைக்கும் நடுவே இருபது வருடமாகத் தான் அனுபவித்த ராத்திரி பஸ்களையெல்லாம் அந்த முழத்தில் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரலில்தான் நான் தினமும் காது அடைத்து இறங்கினேன்.

“இந்த ரெண்டு வெரலுக்கா சார் கம்பெனி வேன் விடுது?” என்றாள் அவள். “நாங்க மட்டும் நடந்து வரோம்.”

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வேன் கிடையாது. சூப்பர்வைசர் அதைக் கேட்காதவர்போல் ஜப்பானைப் பார்த்தார்.

கடைசியாக வெள்ளைக் கல். அதை அவள் இரண்டு நாளில் வெட்டினாள். அந்த இரண்டு நாளும் நான் சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த காலை, ஷெட்டில் எல்லோரும் கூடி நின்றிருந்தார்கள். நான்கு பேர் தூக்கி வந்து இமயத்தை அதன் இடத்தில் இறக்கினார்கள். அது உட்காரவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. வளைவு சரியாக இருந்தது. தெற்கே தொங்கும் வில், மேலே திபெத்தின் அகன்ற முதுகு. ஆனால் மேற்கில், மலைகளெல்லாம் முடிச்சிட்டுக்கொள்ளும் பாமீர் இருக்க வேண்டிய இடத்தில் கை நுழையும் அளவு பள்ளம். கிழக்கில் கல் அஸ்ஸாமைத் தாண்டி ஏறி நின்றது. பிரம்மபுத்திரா திரும்பும் கொக்கி மேற்கே இருந்தது. கண்ணாடியில் பார்த்த இமயம்.

சூப்பர்வைசர் சொன்னார், “சார், இங்கன வாங்க. வாலு தல மாறிக் கெடக்கு.”

அவள் தகட்டு அச்சை எடுத்து வந்து என் முன் வைத்தாள். சிவப்புப் புள்ளி மேலே பார்த்தது. அப்போது புரிந்தது.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். கறுப்பு, சிவப்பு, பச்சை எல்லாவற்றுக்கும் பாலிஷ் போட்ட முகத்திலேயே கோடு போட்டு வெட்டலாம். வெள்ளைக் கல்லுக்கு மட்டும் முகத்தில் மை படக் கூடாது. வெள்ளை மையைக் குடித்துவிடும், பிறகு போகாது. அதனால் வெள்ளையைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில்தான் கோடு போடுவார்கள். கல்லில் கை வைத்த யாருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லைக் கவிழ்த்தால் அச்சையும் கவிழ்க்க வேண்டும். ஆனால் நான் புள்ளி வைத்திருந்தேன். எப்பவும் என்றும் சொல்லியிருந்தேன். கல்லின் வழக்கத்தையும் காப்பாற்றி, என் சொல்லையும் காப்பாற்றியிருந்தாள். இரண்டும் தனித்தனியாகச் சரி.

இந்தத் தப்பை நான் செய்திருக்கவே கூடாது. படங்களை ஃபிலிமில் எடுத்து அச்சுக்கு அனுப்பிய காலத்தில் பத்திரிகைக்கு வந்தவன் நான். ஃபிலிமை மாற்றி வைத்தால் படம் இடம் வலம் மாறிவிடும். அமைச்சரின் சட்டைப் பை வலது பக்கம் வந்துவிடும். எந்தப் படத்திலும் முதலில் சட்டைப் பையைப் பார் என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் பலருக்குச் சொன்னேன். இமயத்துக்குச் சட்டைப் பை இல்லை.

சூப்பர்வைசர் சிவப்பு அட்டையை எடுத்துவிட்டார். என்ன கல் என்பதை எழுதிவிட்டு, அடுத்த இரண்டு கட்டங்களுக்கு மேல் பேனாவை நிறுத்தினார். முதலாளி நான்காம் நாள் பள்ளிக்கூடத்து ஆர்க்கிடெக்டைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது.

தப்பு என்னுடையது, டிராயிங் என்று எழுதுங்கள் என்றேன்.

“ஒமக்கு நம்பர் கெடையாதே சார். வெட்டுன கை நம்பர் இல்லாம அட்டை மேல போவாது, பாத்துக்கிடுங்க. நான் என்ன செய்ய?”

அட்டையை வாங்கி நானே எழுதினேன். குறை: அச்சில் தவறான குறி. யார் கை என்ற இடத்தில் என் பெயரை முழுதாக. பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து. அதை அவர் வாங்கிப் படித்துவிட்டு, முதலாளி இதை ஏற்க மாட்டார், வெள்ளைக் கல் என்றால் அவருக்கு உயிர், கடைசியில் எண்தான் கேட்பார் என்றார். அது மிரட்டல் இல்லை. நடக்கப்போவதைச் சொன்னார்.

அவள் அதுவரை அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் குந்தி, கல்லுக்கு அடியில் விரலை விட்டு, பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

“அட்டை எதுக்கு? கல்லு இன்னும் ஒடையலயே,” என்றாள். “பெரட்டிப் போட்டா வாலு தல சரியாத்தான வரும்?”

“பெரட்டுனா? பின்னாடி என்ன முகமா இருக்கு? சொரசொரன்னு பலகையால்லா இருக்கு.”

“முகம் பண்றன்.”

“எந்திரத்துல ஏத்த முடியாதுத்தா, துண்டாயிட்டு.”

“கையில பண்றன்னு சொல்றன்.”

இருபத்தைந்து சதுர அடி வெள்ளைக் கல். கையால். மூன்று நாளில். சூப்பர்வைசர் அட்டையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. நடுவில் விரிசல் விட்டால் அது அவள் கையால் விட்ட விரிசலாகிவிடும் என்று மட்டும் சொன்னார். அப்போது யார் பெயரை எழுதினாலும் பயன் இல்லை. அவள் தலையாட்டினாள்.

முதல் வேலை எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வழவழப்பான முகம் சிமென்ட்டில் பிடிக்காது. அடியில் போகப்போகும் முகத்தைக் கீற வேண்டும். நான் விற்க மனமில்லாமல் வைத்திருந்த அந்த முகத்தில், மடிந்து மடிந்து கிடந்த அந்தச் சாம்பல் வரிகளுக்குக் குறுக்கே, அவள் கிரைண்டரால் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்தாள். வயலில் பார் பிடித்து மண் அணைக்கிற நேர்த்தியில். ஒரு தடவைகூட நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பிறகு கவிழ்த்து, அதன் இடத்துக்கு மேலேயே மரக்கட்டைகளில் ஏற்றி வைத்தார்கள்.

பின்முகத்தில் ரம்பம் போன தடம் இருந்தது. கரடான தேய்ப்புத் தகட்டில் தொடங்கினாள். தண்ணீர் விட, தேய்க்க, வழிக்க. ஒரு தகடு முடிந்தால் அடுத்தது அதைவிட மெல்லியது. அவள் மலையை வடமேற்கிலிருந்து தொடங்கித் தென்கிழக்காகப் போனாள், காரகோரத்திலிருந்து பர்மா மலைகள் வரை. பிறகு திரும்ப வந்தாள். மழையும் பனியும் ஒரு மலைத்தொடரைத் தேய்க்கும் வேலையை அதே தண்ணீரும் கல்தூளும் வைத்து ஒரு பெண் மூன்று நாளில் செய்துகொண்டிருந்தாள். நான் அந்த நாட்களில் எதையும் எழுதவில்லை. என் நாற்காலியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டேன். தண்ணீர்க் குழாயைப் பிடிக்க ஆள் இல்லாதபோது பிடித்தேன். பால் தண்ணீர் பிரம்மபுத்திராவின் பள்ளத்தில் இறங்கி வங்கக் கடலுக்குப் போய், கறுப்புக் கல்லின் மேல் விசிறிபோல் விரியும். ஆறுகள் இமயத்தைக் கரைத்துக் கொண்டுபோய் அதே கடலடியில் கொட்டிக்கொண்டிருக்கின்றன என்று படித்திருக்கிறேன். படித்தது அப்போது காலடியில் ஓடியது.

இரண்டாம் நாள் மத்தியானம் கல்லுக்குள்ளிருந்து வேறொரு நாடு வந்தது. இரண்டு சென்டிமீட்டர்தான் அந்தப் பலகையின் கனம். ஆனால் முன்பக்கத்தில் இருந்த வரிகள் பின்பக்கத்தில் இல்லை. ஒரு வரி நகர்ந்திருந்தது. இரண்டு வரிகள் ஒன்றாகியிருந்தன. திபெத்தின் நடுவே முன்முகத்தில் இல்லாத ஒரு கரும்புள்ளி, உள்ளங்கை அகலத்துக்கு, ஓரம் கலங்கி. அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். அது குறைதான். வெள்ளையில் கரும்புள்ளி என்றால் நானே நான்காவது வரியில் எழுதுவேன்.

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். “மானசரோவர்னு சொல்லிருவோம்,” என்றார்.

மானசரோவர் அங்கே இல்லை, ஒன்றரை அடி தள்ளி, தென்மேற்கில் என்றேன்.

“ஒன்றரை அடிக்கா சார் சண்ட போடுதிய? ஏதாவது ஒரு ஏரி இருக்காதா?”

அட்லஸைக் கொண்டுவந்து பார்த்தேன். அந்த மேட்டில் ஏரிகள் அள்ளித் தெளித்தது மாதிரி கிடக்கின்றன. கடலுக்கு வழி இல்லாத உப்பு ஏரிகள். கரும்புள்ளி விழுந்த இடத்திலும் ஒன்று இருந்தது. அவ்வளவு பெரிதில்லை. அதைச் சொன்னேன். அவள் மறுபடி கிரைண்டரைப் போட்டாள்.

மூன்றாம் நாள் மாலை, கடைசி வெள்ளைப் பொடி. துணி சுற்றிய வட்டைக் கல்லில் அழுத்தி ஓட்டும்போது பளபளப்பு ஒரு மூலையில் பற்றி, மெல்லப் பரவியது. கூரைச் சதுரங்களின் பிம்பம் இமயத்துக்குள் விழுந்து கிடந்தது. வெளியே லாரிகள் மேலுமலை ஏறும் சத்தம். அஸ்ஸாம் முனை, கையகலத்துக்கு ஒடுங்கும் இடம், கடைசி நிமிடத்தில் உடையலாம் என்று எல்லோருக்கும் தெரியும். உடையவில்லை. கட்டைகளை உருவி இறக்கியபோது பாமீரும் அஸ்ஸாமும் சத்தமில்லாமல் உட்கார்ந்தன.

முதலாளி வந்தார். ஆர்க்கிடெக்ட் செருப்பைக் கழற்றிவிட்டுச் சைபீரியாவிலிருந்து இலங்கை வரை நடந்தார். திரும்பி வந்து திபெத்தில் நின்று, கரும்புள்ளியைக் கால் பெருவிரலால் தொட்டு, இது ஏரியா என்று கேட்டார். ஆமாம், கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

அவர் போன பிறகு முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அச்சில் புள்ளி வைத்தது நான், கேட்டபோது தவறாகச் சொன்னதும் நான். சூப்பர்வைசர் மடித்த அட்டையை எடுத்து நீட்டினார். முதலாளி அதை வாங்கவில்லை. பளபளப்பை அளக்கும் சிறு கருவியைக் கொண்டுவரச் சொல்லி இமயத்தில் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். எந்திரம் கொடுப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. நான்கு இடத்திலும் ஒரே குறைவு. அதுதான் அவரை யோசிக்க வைத்தது.

“கையில எவன் இத சமமா புடிச்சான்?”

சூப்பர்வைசர் அவளைக் காட்டினார். அவள் ஜப்பானுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், கைகளைச் சேலையில் சுற்றிக்கொண்டு.

பட்டியல் இரண்டு வாரத்தில் ஒட்டப்பட்டது. ஆறு பேரில் நான்காவதாக அவள். கண்டம் அதற்குள் துண்டு துண்டாக எண் போட்டு, வைக்கோல் திணித்து, லாரியில் போய்விட்டது. ஷெட்டில் வெறும் தரை. அவளைக் கை வேலையிலிருந்து எடுத்துப் பெரிய பாலிஷ் எந்திரத்தின் வரிசையில் போட்டார்கள். பர்மனென்ட் ஆட்கள் அங்கேதான் இருப்பார்கள். நீல நிறச் சட்டை கொடுத்தார்கள், சேலைக்கு மேல் போட்டுக்கொள்ள. அங்கே கல் தானாக வரும், தானாகப் போகும். யாரும் எந்தக் கல்லையும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்ப்பதில்லை. நான் அந்தப் பக்கம் போனால் கையைத் தூக்கிக் காட்டுவாள். பேச முடியாது, இரைச்சல்.

சம்பளத்தோடு விடுப்பு என்பது அவளுக்கு அந்த வருடம்தான் வந்தது. முதல் விடுப்பைச் சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை எடுத்தாள். கல்யாணம், காரியம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன் என்றாள். கிருஷ்ணகிரி வந்து பஸ் ஏறி, பெங்களூரில் இரண்டு பஸ் மாறி. வாட்ச்மேன் முதலில் உள்ளே விடவில்லை. நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தாள். தரையில் கம்ப்ளைன்ட் வந்திருக்கிறது, கம்பெனியிலிருந்து பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறாள். அவன் கதவைத் திறந்து நாற்காலியும் போட்டானாம்.

“புள்ளைங்க ஷூ போட்டுக்கினு ஓடுதுங்க சார். மணி அடிச்சா போதும், எல்லாம் மலை மேல ஏறி எறங்கித்தான் போவுதுங்க.”

பளபளப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

நன்றாக இருக்கிறது என்றாள். கூட்டம் கலைந்த பிறகு குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்திருக்கிறாள். ஒரு கீறல் இல்லை. கோபி ஓரத்தில் ஒரு துண்டு லேசாக ஆடுகிறது, அடியில் சிமென்ட் சரியாகப் போகவில்லை, அதை அங்கே ஒரு டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். டீச்சர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, நீங்கள் யார் என்று கேட்டிருக்கிறார்.

“என்ன சொன்னே?”

“அந்த வெள்ள மலை பண்ணது நான்தான்னேன். அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சன்.”

சைரன் அடித்தது. அவள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எந்திரத்துக்குப் போனாள்.